தாது வருடமும் துர்முகி வருடமும்

140 ஆண்டு இடைவெளியில் நம் பகுதியில் இரண்டு முறை வடகிழக்குப் பருவமழை பெரும் அளவில் பொய்த்தது. முதலாவது 1876, தமிழ்க் கணக்கில் தாது வருடம். இரண்டாவது 2016, துர்முகி வருடம். 2016 அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தில் சராசரியாகப் பெய்தது சுமார் 168 மி.மீ. மழை. பெய்திருக்க வேண்டியது 440 மி.மீ. அதாவது 62 விழுக்காடு குறைவு. இவ்வளவு மோசமான ஐப்பசி கார்த்திகையைத் தேடிப் பின்னோக்கிப் போனால் 1876இல்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. புதுவையும் காரைக்காலும் அந்த ஆண்டு தப்பவில்லை.

வானம் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கைவிட்டது. ஆனால் முதல் முறை மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டார்கள். இரண்டாவது முறை நம் தெருக்களில் அடுப்பு எரியாத வீடு இல்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் குறைந்தது, லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையில் நின்றது, அவ்வளவுதான். பொங்கலும் வந்தது, கரும்பும் வந்தது.

அப்படியானால் அந்தப் பஞ்சம் எங்கே போனது? ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு இந்தக் கேள்வி வந்தால் அவன் கணக்குப் புத்தகத்தைத்தான் புரட்டுவான். நானும் அதைத்தான் செய்தேன். கிடைத்ததைச் சொல்கிறேன்.

இரண்டு சொற்கள்

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் மழையில்லாக் காலத்துக்கு ‘செஷ்ரெஸ்’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். காய்ந்துபோன தன்மைக்கும் அதே சொல், மழை பொய்த்த ஆண்டுக்கும் அதே சொல். உணவுத் தட்டுப்பாட்டுக்கு ‘திசெத்’ என்று வேறு சொல். தமிழிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. வறட்சி என்பது மண்ணுக்கு வருவது. வறள்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. பஞ்சம் என்பது மனிதனுக்கு வருவது. நம் பாட்டிமார் பஞ்சக் கதை சொன்னார்களே தவிர, வறட்சிக் கதை என்று சொன்னதில்லை. அவர்களுக்கு இரண்டும் அடுத்தடுத்த படிகள். மண் காய்ந்தால் வயிறு காயும்.

இன்று நமக்கு அந்த இரண்டு படிகளும் பிரிந்துவிட்டன. மண் காய்ந்தாலும் ரேஷன் அரிசி வருகிறது. பஞ்சாபிலும் ஆந்திராவிலும் விளைந்த நெல் இங்கே சோறாகிறது. இது பெரிய பேறு, குறை சொல்லவே கூடாது. ஆனால் வயிறு காயாததால் மண் காய்ந்ததை நாம் கவனிக்காமல் போகிறோம் என்பதுதான் நான் சொல்லவருவது.

தாது வருடம்

1876இல் தென்மேற்குப் பருவமழையும் தவறியது, அதை நம்பியிராத நமக்கு உயிரான வடகிழக்கும் தவறியது. மறு ஆண்டு ஆடியிலும் மழை இல்லை. 1877 செப்டம்பர் வாக்கில்தான் வானம் இறங்கியது. அதற்குள் சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் எல்லாம் சேர்த்து இறந்தவர்கள் 50 இலட்சத்துக்குக் குறையாது என்று அரசாங்க மதிப்பீடே சொல்லியது.

தானியம் நாட்டிலேயே இல்லாமல் போய்விடவில்லை. ரயில் இருந்தது, வியாபாரிகளிடம் சரக்கு இருந்தது, கப்பலில் ஏற்றுமதியும் நடந்தது. விலைதான் கூலிக்காரன் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 1877 ஜனவரி முதல் நாள் டில்லியில் வைஸ்ராய் லிட்டன் தர்பார் கூட்டி, விக்டோரியா அரசியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார். அதே மாதம் பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி சென்னைக்கு வந்தார். நிவாரண வேலையில் மண் வெட்டுகிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான கூலி போதும் என்று அவர் தீர்மானித்தார். ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் 450 கிராம். சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், நாள் முழுதும் உழைக்கிறவன் இதைக்கொண்டு உயிர் தரிக்க முடியாது என்று எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்துக் கூலி கூட்டப்பட்டது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

நமக்குப் பக்கத்தில் மரக்காணம் வரை வரும் பக்கிங்காம் கால்வாயை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு அந்தப் பஞ்சத்து நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதற்குப் பிறகுதான், அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. பஞ்சத்தில் வெட்டியவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

புதுவையில் அப்போது பிரெஞ்சு ஆட்சி. நம் பகுதியின் வரைபடம் உங்களுக்குத் தெரியும். ஒரு கிராமம் பிரெஞ்சு எல்லை, அடுத்த கிராமம் வெள்ளைக்காரன் எல்லை, நடுவில் ஒரு வாய்க்கால். சுங்கச்சாவடி மனிதனை நிறுத்தும், வறட்சியை நிறுத்தாது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ரெயூனியன், குவாதலூப், மர்த்தினிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தீவுகளில் இன்று வீராசாமி, மாரிமுத்து என்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களின் முன்னோர்களை ஊரைவிட்டுத் துரத்தியதில் காய்ந்த மண்ணுக்கும் பங்கு உண்டு.

வானத்தின் கணக்கு

தாது வருடத்துக்கு முந்தைய ஆண்டு, 1875இல்தான் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டது. பஞ்சம் அதற்கு உடனே வேலை கொடுத்தது. மழை எப்போது பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயமலையில் பனி அதிகம் விழுந்த ஆண்டுகளில் மழை குறைகிறது என்று 1884இல் எழுதினார். 1904இல் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை உலகம் முழுவதிலுமிருந்து காற்றழுத்தக் குறிப்புகளைத் திரட்டிக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்துமாக்கடல் பக்கம் இறங்குகிறது என்ற ஊசலாட்டத்தை 1920களில் கண்டு சொன்னார். இன்று செய்தித்தாளில் எல் நினோ என்று படிக்கிறோமே, அதன் ஒரு பாதி அது. கணினி இல்லாத காலத்தில் இந்தக் கணக்கையெல்லாம் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து கையால் போட்டார்கள் என்பதை நம் இனத்தின் பெருமைக்காகச் சொல்லி வைக்கிறேன்.

எல் நினோ ஆண்டில் தென்மேற்கு மழை குறைவது வழக்கம். ஆனால் நம் வடகிழக்கு மழை பெரும்பாலும் கூடும். 2015இல் அதுதான் நடந்தது. கடலூரும் புதுவையும் சென்னையும் நீரில் மிதந்தன. அந்த நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த ஆண்டே 140 ஆண்டு காணாத வறட்சி. வெள்ளமும் வறட்சியும் ஓர் ஆண்டுகூட இடைவெளி விடாமல் வந்தன.

வானத்தின் கணக்கு இப்படி நூற்றைம்பது ஆண்டாக ஒழுங்காக எழுதப்படுகிறது. நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கும் மழைமானிக் குறிப்பு வரும். காலை எட்டரை மணிக்கு அளந்து, மி.மீ. கணக்கில் எழுதி, மாத முடிவில் கூட்டி, ‘இயல்பு’ என்ற பத்திக்குப் பக்கத்தில் வைத்துக் கூடுதலா குறைவா என்று போட வேண்டும். பல ஆண்டு அந்தப் பதிவேட்டை நான் நிரப்பியிருக்கிறேன். அதில் மண்ணுக்கு என்று ஒரு பத்தி இல்லை. வரவு உண்டு, இருப்பு கிடையாது. கருவூலத்தில் எந்த அதிகாரியும் இப்படி ஒரு கணக்கை ஏற்றுக்கொள்ள மாட்டார்.

மண்ணின் இருப்பு

கிராமத்துப் பெரியவர்கள் இந்த விஷயத்தில் அலுவலகத்தைவிடத் தெளிவாக இருந்தார்கள். அவர்கள் மழையை வானத்தில் அளக்கவில்லை, நிலத்தில் அளந்தார்கள். ‘ஒரு உழவு மழை’ என்பார்கள். ஏர் பூட்டி ஒரு முறை உழும் அளவுக்கு மண் நனைந்தது என்று பொருள். மழை விட்டதும் வயலில் இறங்கி, மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்திப் பார்த்து, ஒரு சாண் ஈரம் இறங்கியிருக்கிறது என்பார்கள். பிடி மண்ணை உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வார்கள். அவர்கள் எழுதி வைத்தது வரவை அல்ல, இருப்பை.

திருக்குறளில் உழவு அதிகாரத்தில் ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுது ஆறவிடும் செய்தி வருகிறது. அப்படிச் செய்தால் ஒரு பிடி எருகூட வேண்டாமாம். அந்தக் குறளுக்கு உரைகள் பல. எனக்கு அதில் வியப்பு, ஈரத்தை எடை போட்டுச் சொன்னதுதான். இன்றைக்கும் மண் ஆய்வுக்கூடத்தில் செய்வது இதையேதான். மண்ணை எடுத்து எடை போட்டு, 105 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி எடை போடுகிறார்கள். குறைந்த எடைதான் ஈரம்.

மண்ணுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. அதற்கு மேல் பெய்தால் ஓடிவிடும் அல்லது கீழே இறங்கிவிடும். காலாப்பட்டு, கோரிமேட்டுச் செம்மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு, பயிர் உறிஞ்சக்கூடிய நீர் சுமார் 80 முதல் 100 மி.மீ. வரை நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பாகூர்ப் பக்கத்துக் களிமண் கலந்த வண்டலில் 150 முதல் 200 வரை நிற்கும். பயிரும் வெயிலும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. குடிக்கிறது என்று கணக்கு வைத்தால், நிறைந்த செம்மண் 16 முதல் 20 நாளில் காலி. பாகூர் மண் 30 முதல் 40 நாள் தாங்கும். இரண்டு நிலத்துக்கும் மழைமானி ஒரே எண்ணைத்தான் காட்டியிருக்கும். ஒன்றில் பயிர் வாடும், மற்றொன்றில் நிற்கும்.

நம் பக்கத்து மல்லாட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகப் புதுச்சேரித் துறையிலிருந்து போன சரக்கு அது. அதன் பூ மேலே பூக்கும், காய் கீழே காய்க்கும். பூவின் அடியிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் நுழைய வேண்டும். அந்தப் பத்துப் பதினைந்து நாளில் மேல்மண் இறுகிக் கிடந்தால் விழுது வெளியிலேயே கருகும். அந்த ஆண்டு மொத்த மழை இயல்பைவிடக் கூடவே இருந்தாலும், காய் பிடிக்காது. விவசாயி வறட்சி என்பான், பதிவேடு இல்லை என்னும். இருவரும் பொய் சொல்லவில்லை. வேறு வேறு புத்தகத்தைப் பார்க்கிறார்கள்.

நீண்டகாலப் போக்கு என்று பார்த்தால் நம் பகுதியின் வடகிழக்கு மழை மொத்தத்தில் நிலையாகக் குறைந்துகொண்டே வருகிறது என்று சொல்வதற்கில்லை. கூடியும் குறைந்தும் ஆடுகிறது. ஆனால் செலவுப் பத்தி கூடியிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 பாகை ஏறியிருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரத்தில் ஒரு பங்கைக் காற்று நம் வயலிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. மழை பத்து நாளில் பெய்ய வேண்டியது மூன்று நாளில் கொட்டினால், மண் தன் கொள்ளளவுக்கு மேல் வாங்காது. மீதி சங்கராபரணி வழியாகக் கடலுக்குப் போகும். வரவு மாறாமலே இருப்பு குறைவது இப்படித்தான்.

வண்டலும் ஏரியும்

நம் முன்னோர் கடலுக்குப் போகும் இந்த மீதியைப் பிடிக்கத்தான் ஏரி வெட்டினார்கள். புதுவைப் பகுதியில் மட்டும் 84 ஏரிகள். பெரியது ஊசுடு, அடுத்தது பாகூர். சங்கராபரணியில் சுத்துக்கேணியிலிருந்து ஊசுடுவுக்குக் கால்வாய், தென்பெண்ணையில் சொர்ணாவூரிலிருந்து பாகூருக்குப் பங்காரு வாய்க்கால். பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த கல்விச் சாலைக்கு ஊர்களை மானியம் விட்ட செப்பேடு இருக்கிறது. நெல் மிஞ்சிய ஊரில்தான் பள்ளிக்கூடம் நடத்த முடியும்.

ஏரி நீரைத் தேக்கியதோடு நிற்கவில்லை. மாசி பங்குனியில் மதகு வழியாகத் தண்ணீர் போவது நின்ற பிறகும், கரைக்குக் கீழே கசிவு இருந்துகொண்டே இருக்கும். அந்த ஊர்க் கிணறுகள் சித்திரையிலும் வற்றாததற்குக் காரணம் அதுதான். கோடையில் ஏரி காய்ந்ததும் மாட்டுவண்டி கட்டி வண்டல் அள்ளி வயலில் கொட்டுவார்கள். உரம் என்று மட்டும் நாம் நினைத்தோம். வண்டலும் தழையும் எருவும் சேர்ந்த மண் ஈரத்தைக் கூடுதல் நாள் பிடித்து வைக்கும். ஏரிக்கும் ஆழம் வந்தது, நிலத்துக்கும் கொள்ளளவு கூடியது. ஒரே வண்டியில் இரண்டு கணக்கு நேராயிற்று.

பிரெஞ்சுக் காலத்தில் இந்த வேலையைப் பார்க்க ‘சிந்திக்கா அக்ரிகோல்’, ‘கேஸ் கொம்யூன்’ என்று பாசனக்காரர்களின் அமைப்புகள் இருந்தன. ஆயக்கட்டுக்காரர்கள் பணம் போட்டு, வாய்க்கால் தூர்வாரி, மதகு பழுதுபார்த்தார்கள். பிரெஞ்சுக்காரனின் பெருந்தன்மை என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்கு நிலவரி வேண்டும், வரிக்கு நெல் வேண்டும், நெல்லுக்கு ஏரி வேண்டும். எங்கள் பாடப்புத்தகத்தில் சேன், லுவார், கரோன், ரோன் என்று நான்கு ஆறுகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள், சங்கராபரணிக்கு ஒரு வரி கிடையாது. இருந்தும் ஏரிக் கணக்கு மட்டும் ஒழுங்காக இருந்தது.

அந்த அமைப்புகள் பின்னாளில் செயலிழந்தன. 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 84 ஏரிகளையும் சீரமைக்கும் திட்டம் நடந்தது. கரையைப் பலப்படுத்தினார்கள், ஏரிச் சங்கங்களை மீண்டும் அமைத்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் அதற்குள் வயல்காரனின் கண் ஏரியைவிட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

பூமிக்குள் இருந்த வைப்புத்தொகை

தாது வருடத்தை ஒட்டிய அதே காலத்தில், 1870களின் கடைசியில், புதுச்சேரியில் பூமிக்குள் குழாய் இறக்கியபோது ஓர் அதிசயம் நடந்தது. இறைக்காமலேயே தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வந்தது. ஆர்ட்டீசியன் ஊற்று என்பது அதன் பெயர். பிரான்சில் ஆர்த்துவா என்ற பகுதியில் முதலில் புகழ்பெற்றதால் அந்தப் பெயர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880இல் புதுச்சேரி ஊற்றுகளைப் பற்றிக் குறிப்பு எழுதி, சென்னைக்கும் இப்படிக் கிடைக்குமா என்று ஆராய்ந்தார். மேலே மண் காய்ந்து மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், கீழே கடலூர் மணற்கல் பாறையில் அவ்வளவு நீர் அழுத்தத்தோடு காத்திருந்தது.

1934இல் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோதுதான் பழுப்பு நிலக்கரி தென்பட்டது. அங்கேயும் அதே அழுத்த நீர் இருந்தது. பின்னாளில் சுரங்கம் வெட்டியபோது அந்த நீரை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றினால்தான் கரி எடுக்க முடிந்தது.

நம் வயதுக்காரர்களுக்கு அடுத்து நடந்தது நேரில் தெரியும். கவலை போய் ஆயில் என்ஜின் வந்தது. அது போய் மின்மோட்டார், அதற்குப் பிறகு ஆழ்துளைக் கிணறு, அதற்குள் இறங்கும் நீர்மூழ்கி மோட்டார். மின்சாரக் கட்டணமும் இல்லையென்றான பிறகு ஏரி வாய்க்காலுக்குக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? நெல் மூன்று போகம் ஆயிற்று, கரும்பு வந்தது. குடும்பங்கள் தலையெடுத்தன, பிள்ளைகள் படித்தார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் தானாகப் பொங்கிய ஊற்றுகள் நின்றன. திறந்த கிணறுகள் குப்பை கொட்டும் குழிகள் ஆயின. கடலோரக் கிராமங்களில் உப்பு ஏறியது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் புதுவைப் பகுதியை, ஊறுவதைவிட அதிகம் எடுக்கும் பகுதி என்று வகைப்படுத்தியது.

முன்பு மேல்மண், கிணற்று நீர், ஏரிக் கசிவு மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இப்போது நீர் எங்கோ கீழே போய்விட்டது. மேல்மண் தனியாக நிற்கிறது. மழை பெய்து பதினைந்து நாளில் அதன் இருப்பு தீர்ந்தால், கை கொடுக்க மோட்டாரைத் தவிர யாரும் இல்லை.

துர்முகி வருடம்

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். 2016இன் பஞ்சம் எங்கே போனது?

ஒரு பாதியை ரேஷன் கடை வாங்கிக்கொண்டது. 1877இல் தானியம் இருந்தும் ஏழைக்குக் கிடைக்கவில்லை. 2017இல் கிடைத்தது. சுதந்திர இந்தியா செய்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

மறு பாதி பூமிக்குள் போனது. ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர்கள் இன்னும் ஆழமாக இறக்கினார்கள். நகரத்துக்கு அந்த நீர்தான் வந்தது. நம் முன்னோர் தொட முடியாத வைப்புத்தொகையை உடைத்து நாம் ஓர் ஆண்டைக் கடந்தோம். அந்த வைப்பு நமக்கு முன்னால் எத்தனையோ தலைமுறை மழை சேர்த்து வைத்தது.

கணக்கில் விடுபட்டவர்களும் உண்டு. மோட்டார் வைக்க வசதியில்லாத மானாவாரி விவசாயிக்கும், காவிரிக் கடைமடைக்காரனுக்கும் அந்த ஆண்டு பழைய தாது வருடம்போலத்தான் இருந்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. அந்தக் கோடையில் தமிழ்நாட்டு விவசாயிகள் டில்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 1877 ஜனவரியில் டில்லியில் தர்பார் நடந்தபோது தெற்கே செத்தவர்களின் சத்தம் அங்கே கேட்கவில்லை. 2017இல் அவர்களே நேரில் போய் உட்கார்ந்தார்கள். இந்த வேறுபாடும் வரலாறுதான்.

அடுத்த துர்முகி

1876க்கும் 2016க்கும் இடையே 140 ஆண்டு. அடுத்தது எப்போது என்று எந்த ஜோசியரும் சொல்ல முடியாது. அன்றைக்குக் கீழே எடுக்க என்ன மிச்சமிருக்கும் என்பது இன்று நாம் எடுப்பதைப் பொறுத்தது.

இப்போது வானத்திலிருந்தே மண்ணைப் பார்க்கிறார்கள். பூமியின் ஈர்ப்பில் ஏற்படும் சிறு மாற்றத்தை வைத்து நிலத்தடி நீரின் எடையைக் கணிக்கும் இரட்டைச் செயற்கைக்கோள்கள் 2002இல் ஏவப்பட்டன. 2009இல் ஐரோப்பியர்கள் பிரான்சின் பங்களிப்போடு மண் ஈரம் பார்க்கவே ஒரு செயற்கைக்கோளை அனுப்பினார்கள். அமெரிக்கர்கள் 2015இல் அனுப்பினார்கள். ஈரம் பார்க்கும் இந்தக் கோள்களின் பார்வை மேல்மண்ணில் சுமார் 5 செ.மீ. வரைதான் நேராக எட்டும். அதற்குக் கீழே உள்ளதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒரு சாண் ஈரத்தை மண்வெட்டி போட்டுப் பார்த்தவருக்கு இன்னும் வேலை இருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

மண்ணின் இருப்பை மறுபடி கூட்டவும் முடியும். நமக்கு வடக்கே உள்ள செம்மண் மேடு 1968இல் ஆரோவில் தொடங்கியபோது பொட்டல். மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடிக் கடலோரம் சிவப்பாகும். வரப்பு கட்டி, பள்ளம் வெட்டி, மரம் வைத்தார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது. மழை அதே மழைதான்.

என் பங்குக்கு ஒரு குமாஸ்தா வேலையைச் சொல்கிறேன். நிலத்தடி நீருக்கு அரசாங்கப் பதிவேடு இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக் கிணறு அதில் இல்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் கொம்யூன்களைச் சேர்ந்தவர்கள். உங்கள் கிணறு முதலில் எத்தனை அடியில் நீர் கொடுத்தது, எந்த ஆண்டு வற்றியது, ஆழ்துளை எந்த ஆண்டு எத்தனை அடிக்கு இறக்கினீர்கள், கடைசியாக வண்டல் அடித்தது எப்போது என்பதை ஊர்ப் பெயரும் ஆண்டும் போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், ஊர்வாரியாக அடுக்கி இங்கேயே வெளியிடுகிறேன். இந்த விவரங்கள் இன்று நம் தலைக்குள் மட்டும்தான் இருக்கின்றன. நமக்கு வயது எழுபதுக்கு மேல்.